பாதியில் நின்ற ஸ்லீவ்

அடுப்பில் காய்ந்த பைக் எஞ்சின் பிளாக்கை இடுக்கியால் இறக்கி வைக்கிறான் தினேஷ். அதன் துளைக்குள் பொருத்தவேண்டிய இரும்புக் குழாயை, ஐஸ் பெட்டியில் குளிர்ந்த ஸ்லீவை, எடுத்து நீட்டுகிறாள் அக்கா சங்கமித்ரா. நாளை ரேஸ் ஓட்டப்போகிறவள் அவள்தான். துளைக்குள் வழுக்கி இறங்கும் ஸ்லீவ் பாதியில் சாய்ந்து நின்றுவிடுகிறது. காலையிலிருந்து இதே கதைதான். ஜீவனஹள்ளி வெயில் பட்டறையின் தகரக் கூரையைத் தாண்டி அவன் பிடரியில் இறங்குகிறது. சுத்தியலை ஓங்குகிறான். “அடிக்காதடா, பிளாக்கு விரிசல் வுட்டுடும்,” என்று அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள் அக்கா. “இன்னா பண்ணச் சொல்ற? நாளைக்கு வண்டிய தள்ளிக்கினு ஓடுவியா?” அவள் சுத்தியலைப் பிடுங்குகிறாள். மரக்கட்டையை ஸ்லீவின் மேல் வைத்து ஓங்கி அடிக்கிறாள். ஸ்லீவ் அடிவரை இறங்குகிறது. பிளாக்கின் விளிம்பில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடுவதைத் தினேஷ் பார்த்துவிடுகிறான். “எறங்கிடுச்சி,” என்கிறாள் அக்கா, சுடச்சுட அந்த விரிசலைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு.