மெரினாவில் மாரீஸ்வரி

"அவ உசுரோட அங்கன நிக்கிற மாதிரியே இருக்கணும்ணே. பாக்குறவுகளுக்குச் சந்தேகமே வரக்கூடாது."

மவுசைப் பிடித்திருந்த ஜாஸ்பரின் கை நின்றது. அல்லிநகரத்தில் இத்தனை வருசமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான், இப்படி யாரும் கேட்டதில்லை.

எதிரே இருந்த இளைஞன் அனுப்பிய படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்பருக்கு அவளைத் தெரியும். சுருளிப்பட்டி ராக்கப்பனின் தங்கச்சி மாரீஸ்வரி. போன வருசம் அந்த வீட்டுக் காதுகுத்துக்குப் படம் எடுத்ததே அவன்தான்.

"சென்ட்ரல் ஸ்டேசன் வாசல்ல ஒண்ணு, எல்.ஐ.சி. கட்டடத்துக்கு முன்னால ஒண்ணு, மெரினா கலங்கரை விளக்கத்துக்கிட்ட ஒண்ணு," என்றான் இளைஞன்.

"ஆளையே கூட்டிட்டு வந்தா பளிச்சுனு எடுத்துரலாமே தம்பி?"

"அவளால வர முடியாதுண்ணே."

அவன் சட்டைப் பையில் ரோஸ் கலர் உறை போட்ட போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்ததும் முகம் வெளிறி, சட்டென்று அணைத்தான்.

அது மாரீஸ்வரியின் போன்; காதுகுத்தில் அவள் கையில் பார்த்ததுதான். இவன் அந்தப் புள்ளையை என்ன செய்தான்?

"இந்தப் போன்லதான் ஸ்டேட்டஸ் வைக்கணும். வெரசாக் குடுங்கண்ணே."

ஜாஸ்பர் மூன்று படங்களையும் முடித்துக் கொடுத்தான். இரண்டு சாப்பாட்டுப் பொட்டலங்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு இளைஞன் கிளம்பினான்.

ஜாஸ்பர் ஷட்டரை இறக்கிவிட்டு, தள்ளியே வண்டியில் பின்தொடர்ந்தான். பழனிசெட்டிபட்டியில், தண்ணித் தொட்டிக்குப் பின்னால், வெளியே பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்துகொண்டு அவன் உள்ளே நுழைந்தான்.

போலீசுக்குச் சொன்னால், படம் செய்து கொடுத்த தன்னையும் உடந்தை என்பார்களோ? யோசித்து யோசித்து, கடைசியில் ராக்கப்பனுக்கே போன் போட்டான்.

"அண்ணே, ஒங்க தங்கச்சி சென்னையில இருக்குற மாதிரி படம் வரும். நம்பாதீக. நான்தான் செஞ்சு குடுத்தேன். ஒரு பய கட்டாயப்படுத்துனான். அவன் போன வீட்டப் பாத்துட்டேன். மனசத் தேத்திக்கங்கண்ணே…"

வீட்டின் அடையாளம் முழுவதையும் ராக்கப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அழவில்லை. போனைக்கூட வைக்காமல், பக்கத்திலிருந்த யாரிடமோ சொன்னான்:

"ஏலே, ஓடிப்போன கழுதைக மெட்ராஸுல இல்ல. அருவாளோட பழனிசெட்டிபட்டிக்கு வண்டிய விடு."