கைக்குட்டைக்கு அடியில் மூன்று

பெண்ணின் எதிர்காலத்துக்கு நூற்றுக்கு மூன்று என்று டாக்டர் விலை சொல்லியிருந்தார். ஒரே விலை, பேரம் கிடையாது.

அந்த எண்ணைத்தான் ரத்தினக் கடையின் உள்ளறையில், சம்பந்தியாகப் போகிறவரிடம் பெண்ணின் அப்பா சொல்லியாக வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்ணும் பையனும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா கைத்தடியை மடியில் கிடத்தி, ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“நேராவே கேட்டுடறேன்,” என்றார் பையனின் அப்பா, அவள் கைத்தடியைப் பார்த்தபடி. “தங்கச்சிக்கு இருக்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நரம்பு நோயாச்சே. பொண்ணுக்கும் வருமா?”

“ஜீன் வழியா கொஞ்சம் வாய்ப்பு இருக்காம். வந்தே தீரும்னு இல்ல.”

“கொஞ்சம்னா? நாம என்ன கல்லை ‘கொஞ்சம்’னா எடை போடுறோம்?”

பிள்ளைகள் காதில் விழ வேண்டாமே என்று பெண்ணின் அப்பா தொழில் வழக்கத்துக்குப் போனார். கைக்குட்டையை விரித்து, அதற்கு அடியில் பையனின் அப்பா கையைப் பிடித்தார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் தொகை. முப்பது வருஷமாக இருவரும் இப்படித்தான் கல் வாங்கி விற்கிறார்கள். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

மூன்று விரலை அழுத்தினார்.

“நூத்துக்கு அஞ்சா?”

“மூணுய்யா. விரல் பாஷையே மறந்துபோச்சா?”

“வயசாகுதில்ல.” சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொண்டார். “மூணுன்னாலும் சரிப்படாது. இதோட விட்டுடலாம்.”

“அப்ப வெளியில நிக்கிறவ முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

பையனின் அப்பா எழுந்தார். பெண்ணின் அம்மா அவர் கையையே பார்த்தாள். நோயில் விரல் மரத்துப்போனதால், எட்டு வருஷமாக அவள் ரவிக்கை ஊக்கைக் கண்ணாடியில் பார்த்துத்தான் மாட்டுகிறாள்; விரல் சொல்வதை நம்புவதில்லை.

“அண்ணே, நீங்க எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?”

அவர் மெல்ல உட்கார்ந்தார். கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

“உங்க டாக்டர்கிட்டதான், தங்கச்சி. ரெண்டு வருஷமாச்சு. நீங்க வர்ற கிழமை பார்த்து ஒதுங்கிக்கிறேன்.” குரல் இறங்கியது. “வீட்டுல யாருக்கும் தெரியாது. ரெண்டு பக்கமும் இருந்தா பேரன் பேத்தி கதி என்னன்னுதான்…”

“அதைச் சின்னவங்க ரெண்டு பேரும் டாக்டரையே கேட்டு முடிவு பண்ணட்டும். முதல்ல உங்க பையன்கிட்ட சொல்லுங்க.”

கைக்குட்டையை அவரிடமிருந்து வாங்கி, உதறி மறுபடி விரித்தாள்.

“எங்க பொண்ணுக்கு மூணு, உங்க பையனுக்கு மூணு. கணக்கு நேர், சம்பந்தி.”