ஆயிரம் வரைக்கும்

கோபம் வந்தால் ஆயிரம் வரை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று அவர் மனைவிக்கு டாக்டர் ஒருவர் சொல்லியிருந்தார். அவளும் எண்ணுவாள். ஆனால் கோபம் ஏற ஏறத் தாவித் தாவி எண்ணுவாள். போன வாரம் கணவர் சாவியைத் தொலைத்தபோது ஐம்பது ஐம்பதாகப் போனாள்.

அன்று அவர் செருப்பைக் கழற்றும்போதே, மூடிய அறைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"இருநூத்தி அம்பது..."

அவர் கதவருகே ஓடினார்.

"உன் ஸ்வெட்டரை மெஷின்ல போட்டுச் சுருக்கினது நான்தாம்மா!"

"ஐநூறு..."

"உன் தம்பிகிட்ட வெளியூர்ல இருக்கேன்னு சொன்னதும் பொய்தான்!"

"எழுநூத்தி அம்பது..."

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம்னு சொல்லி உங்கம்மாவை வரவிடாம பண்ணதும் நான்தான்!"

"ஆயிரம்."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆயிரத்தி இருநூத்தி அம்பது... ஆயிரத்தி ஐநூறு..."

"அம்மா, மறுபடியும் அதே இருநூத்தி அம்பது, ஐநூறுதானே வருது! இது ரொம்ப ஈஸி!" என்றது மகளின் குரல்.

கதவு திறந்தது. மகள் கையில் கணக்குப் புத்தகம்.

"இது அவளோட வீட்டுப்பாடம்ங்க. நீங்க நிறுத்துற மாதிரி தெரியல, அதான் நானும் நிறுத்தல" என்றாள் மனைவி சாந்தமாக. "இனிமேதான் என்னோட கணக்கு."

மூச்சை இழுத்து, எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள்.

"ஆயிரம்!"