கழன்ற நட்டு

வாஷ்பேசினுக்குக் கீழே அவள் குனிந்ததுமே, வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க சார். முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

"பரவாயில்லம்மா. பாக்குறேன்."

பிளம்பர் வேலைக்கு வந்த ஆறு வருஷத்தில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டாள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிற ஆசாமிகள். இவரும் அந்த ரகம்தான்.

"அந்த ரெஞ்ச் ரொம்ப கனமா?"

"பழகிடும் சார்."

"எங்கே, குடுங்க." வாங்கித் தூக்கிப் பார்த்தார். "தோள் வலிக்காது?"

"முதல் வருஷம் வலிச்சுது."

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"ரெண்டு வருஷம் தொழில் பள்ளிக்கூடத்துல."

"தனியா வீடு வீடாப் போறீங்களே, யாராவது ஏடாகூடமா பேசினா?"

"பையைத் தூக்கிட்டு வந்துடுவேன்."

சி.ஐ.டி.கூட இப்படிக் குடைய மாட்டான் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"இந்த வேலை பிடிச்சிருக்காம்மா?"

அவள் கை நின்றது. இதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"மூணு நாளா தண்ணி வராத வீட்ல, குழாய் சரியாகித் தண்ணி கொட்டும் பாருங்க... சின்னது பெருசுன்னு வீடே ஓடி வந்து நிக்கும். அதுக்காகவே பிடிக்கும் சார்."

அவர் ஸ்டூலை விட்டு இறங்கி, அவளோடு தரையில் குந்திவிட்டார். "இப்ப என்ன பண்றீங்க?"

டார்ச்சை அடித்தவள் அப்போதுதான் கவனித்தாள். தண்ணீர் ஒழுகிய இடத்தில் நட்டு நாலு சுற்று கழன்றிருந்தது. அதன்மேல் இடுக்கியின் பல் பட்ட தழும்பு, பளபளவென்று புதுசாக.

மனசு சுருக்கென்றது. நட்டை இறுக முறுக்கினாள். ஒழுகல் நின்றது. எழுந்து கையைத் துடைத்தாள்.

"சார், இது தானா கழன்ற நட்டு இல்ல."

"ஆமாம்மா. காலைல நான்தான் கழட்டினேன்."

"எதுக்கு?"

"பொம்பளை பிளம்பர் யாராவது இருக்காங்களான்னு நாலு கடையில விசாரிச்சு, உங்க நம்பரை வாங்கினேன். சும்மா வாங்கன்னா வருவீங்களா?"

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "எனக்கு வேலை தெரியுமான்னு பரீட்சையா? ஆம்பளை வந்திருந்தா இப்படிப் பண்ணியிருப்பீங்களா?"

அவர் பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். அவளிடம் பிரித்துக் காட்டினார். தொழில் பள்ளிக்கூட விண்ணப்பம். பெற்றோர் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"என் பொண்ணு பிளம்பிங்தான் படிப்பேன்னு ஒரு மாசமா ஒத்தைக்கால்ல நிக்கிறா. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். 'அந்த வேலையைப் பத்தி உங்களுக்கு என்னப்பா தெரியும்?'னு நேத்து கேட்டா. பதில் சொல்லத் தெரியல."

காகிதத்தை வாஷ்பேசின் ஓரத்தில் வைத்து நீவினார்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள். பேனா இருக்காம்மா?"