பத்து நாள் உத்தரவு

"அம்மை குத்திக்கிட்டாத்தான் கப்பல் ஏத்துவாங்கன்னா, அந்தக் கப்பலே நமக்கு வேணாம்" என்றாள் நாகம்மா.

ராஜப்பன் கையிலிருந்த கடிதத்தை மறுபடியும் விரித்தான். வேளாண்மைக் கல்லூரியில் முதல் மாணாக்கனாகத் தேறியவன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று மேற்படிப்புக்கு இடம் கொடுத்திருந்தது. பாரூர் ஏரிப் பாசனத்து ஊர்களிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போகும் முதல் ஆள் அவன்தான். பாஸ்போர்ட் வந்துவிட்டது. கம்பளிக் கோட்டுக்குப் பெங்களூரில் அளவு கொடுத்தாயிற்று. மிச்சமிருந்தது இந்த ஒரு சான்றிதழ்.

"இருபத்தெட்டாந்தேதி பம்பாயில கப்பல்மா. அதுக்கு எட்டு நாளைக்கு முன்னாடியே குத்தி முத்திரை வாங்கியிருக்கணும். இருபதாந்தேதியைத் தாண்டினா கப்பலும் போச்சு, படிப்பும் போச்சு."

"உங்கண்ணனுக்கும்தான் குத்தினாங்க. என்ன ஆச்சு?"

மூத்தவன் திம்மராயன், அம்மை குத்திய ஒன்பதாம் நாள் காய்ச்சலில் இறந்தான். அந்த மாதம் ஊரெங்கும் விஷக்காய்ச்சல். குத்தாத பிள்ளைகளும் நால்வர் போனார்கள். படித்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நாகம்மா நம்பவில்லை. அதன் பிறகு அம்மை குத்துகிறவர் தெருமுனையில் தென்பட்டால் போதும், ராஜப்பனைத் தூக்கித் தானியக் குதிருக்குள் இறக்கிவிடுவாள். கல்லூரி விடுதிக்கு அம்மை குத்துகிறவர்கள் வரும் நாளிலும், 'அம்மாவுக்கு உடல்நலமில்லை' என்று விடுப்பெழுதி வைத்துவிட்டு அவன் ஊருக்கு வந்துவிடுவது வழக்கம்.

மறுநாள் எட்டாம் தேதி. நாகம்மா முதல் பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டாள். மாரியம்மனிடம் பூக் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனவள், பொழுது சாயத் திரும்பினாள்.

"என்ன உத்தரவாச்சு?" என்று கேட்டான் ராஜப்பன்.

"பத்து நாள் பொறுக்கச் சொல்லுது."

"பத்து நாள் கழிச்சும் வேணாம்னு சொன்னா?"

"சொன்னா இங்கேயே இருந்து ஏரோட்டு."

செய்தி ஊருக்குள் பரவிற்று. சிற்றப்பன் கங்கப்பன் வரப்பில் நின்றபடி குரல் கொடுத்தார். "என்னடா துரை, கோட்டு தைக்கக் குடுத்திருக்கியாமே. அதை மாட்டிக்கிட்டே ஏர் பிடிச்சுடு. நாத்து நடற பொம்பளைங்களுக்கு உன்னை வெச்சே பாட்டு சுலபமா வரும்."

ஏழாம் நாள் நாகம்மா பாயில் படுத்துவிட்டாள். நீர்மோரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. களி கிண்டுவதற்குப் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

வெள்ளையம்மா துடுப்பைச் சுழற்றிக்கொண்டே வாயையும் சுழற்றினாள். "ஏக்கா, பெத்த பிள்ளைகிட்டவே பட்டினி கிடந்து மல்லுக்கட்டறியா? அவனவன் பிள்ளை மூணாம் பாரம் தேறலியேன்னு அழுவுறான். நீ தேறினவனைக் கயிறு போட்டுக் கட்டறே."

"களி கட்டி தட்டாம பாரு" என்று சொல்லிவிட்டு நாகம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ராஜப்பனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நீ பட்டினி கிடந்தாலும் சரி, நாளைக்கே நான் போய்க் குத்திக்கப் போறேன்."

"மூணே நாள், சாமி. அதுக்கு மேலே உன்னை ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அவன் இணங்கினான், ஆனால் அந்த மூன்று நாளும் தாயோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முனகுவது கேட்டபோதுகூட, நடிப்பென்று எண்ணி வெளியே போய்விட்டான்.

பதினெட்டாம் தேதி விடியும்போதே நாகம்மா எழுந்து தலைக்குக் குளித்திருந்தாள். முகம் வற்றியிருந்தது.

"கிளம்பு ராஜா. உத்தரவாயிடுச்சு. போய்க் குத்திக்க."

"இதை அன்னிக்கே குடுத்திருந்தா உன் மாரியாத்தாவுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறினான் அவன்.

கிருஷ்ணகிரியில் அம்மை குத்தும் ஆஞ்சப்பன் நரைத்த மனிதர். பெயர் கேட்டார், எழுதினார். ஊர் கேட்டார். பாரூர் என்றதும் பேனா நின்றது.

"நாகம்மா மகனா?"

"ஆமாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்பாடா. உட்காருங்க தம்பி. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலே."

"ஏங்க, எங்கம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

"எட்டாந்தேதி வந்தாங்க. இடது கையை நீட்டி, 'எனக்குக் குத்துங்க, எனக்கு ஒண்ணும் ஆகலேன்னாத்தான் எம்மவனை அனுப்புவேன்'னாங்க. ஏழெட்டு நாள்ல கை வீங்கும், காய்ச்சலடிக்கும், பயப்படாதீங்க, அடங்கிடும்னு எவ்வளவோ சொன்னேன். காதுல வாங்கினாப்பல இல்லே. கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் குத்திக்கிட்டாங்க. எழுந்து போறப்ப மட்டும் ஒண்ணு சொன்னாங்க."

"என்னங்க சொன்னாங்க?"

"'பத்து நாள் கழிச்சு எம்மவன் வந்தான்னா, நான் உசிரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்கங்க. வரலேன்னா, இனிமே யார் வீட்டுப் பிள்ளைக்கும் இதைக் குத்தாதீங்க.'"