கூடவே இருந்தவள்

விபத்தில் சிக்கிய லாரியின் ஒலிப்பதிவை டிரைவரின் வீட்டார் ஒருவர் முழுதாகக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். பைக்கில் வந்தவர் பிழைத்துவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. அதற்காக மோகனா, சங்ககிரி பட்டறையில் நின்ற கணவன் கவியரசுவின் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். அவன் கீழேயே நின்றுகொண்டான்.

பதிவில் பிரேக் சத்தமும் பைக் விழும் சத்தமும் கேட்டன. பிறகு லாரியில் பொருத்தியிருந்த வழித்துணைக் கருவியின் பெண்குரல் பேசியது.

"வண்டிய ஓரங்கட்டுங்க. ஓடாதீங்க. ஆம்புலன்ஸ் வருது. அவர் கால்ல ரத்தம் வர்ற இடத்துல துண்ட வச்சு அழுத்துங்க."

"கை நடுங்குதுங்க. பயமா இருக்குதுங்க." கவியரசு அழுதுகொண்டிருந்தான்.

"நான் கூடவே இருக்கேன்."

"சரிங்க."

பதினாறு வருடத்தில் அவன் மோகனாவிடம் ஒருமுறைகூட பயம் என்று சொன்னதில்லை. அன்றுகூட போனில் டயர் பஞ்சர் என்றுதான் சொன்னான். இந்தக் குரலிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

"வீட்டுக்குச் சொல்லட்டுமா?" என்று குரல் கேட்டது.

"வேண்டாங்க. யாராச்சும் அடிபட்டா விட்டுட்டு ஓடிரோணும், நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுரும்னு மோகனா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கறா. நான் நின்னது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

பதிவு முடிந்தது. திரையில் கையெழுத்துப் போட்ட மோகனாவின் விரல் கோணலாக இழுத்தது.

"உங்க கை நடுங்குது" என்றது அதே குரல். "நான் கூடவே இருக்கேன்."

"நீ இருந்த வரைக்கும் போதும்."

கதவைத் திறந்து கீழே நின்ற கணவனைப் பார்த்தாள். "ஏனுங்க, கையக் குடுங்க. எனக்கும் நடுங்குது."