மேல்கட்டில்

இலங்கையில் போர் முடிந்து ஓராண்டாகியும் தம்பியைப் பற்றிச் சுபாங்கிக்கு ஒரு தகவலும் இல்லை. இந்த நேரத்தில் கணவன் ஜனார்த்தன் கட்டில்களும் அடுப்பும் உள்ள மோட்டர்ஹோம் வாகனத்தை வாடகைக்கு எடுத்து, ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குச் சுற்றுலா புறப்பட்டது அவளுக்கு விளங்கவேயில்லை.

இரவு தங்கும் ஒவ்வொரு காம்ப்கிரவுண்டிலும் இதே பேச்சுத்தான்.

"மேல்கட்டிலில சாமான் வையாதையும்."

"ரண்டு பேருக்கு ஏனப்பா மூண்டு கட்டில்?"

அவன் அவள் வைத்த பையை எடுத்துக் கீழே வைப்பான்.

வன்கூவரில் தடுப்புச் சிறை வாசலில் வாகனத்தை நிறுத்தினான்.

"ஊரிலயிருந்து கப்பலில அகதியா வந்த ஆக்களை இண்டைக்கு விடுறாங்கள். உம்மட தம்பியின்ர பேர் மட்டுந்தான் கேள்விப்பட்டனான்; அவன்தானோ எண்டு தெரியாமல் உமக்கு என்னெண்டு சொல்லுறது? ஐடி இல்லாத ஆளைப் பிளேனிலயும் ஏத்தமாட்டாங்கள்."

வாசல் திறந்தது. மெலிந்த ஒருவன் வெளியே வந்து வாகனத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, உதில எனக்கும் இடமிருக்கோ?"